நெஞ்சைத் திறந்து அறுவை செய்தவருக்கு பேஸ்மேக்கர் ஒயரை அகற்றுதல்: நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பைபாஸ் செய்து பதினைந்து ஆண்டுகள் கடந்த ஒருவரை அவருடைய மகள் அழைத்து வருகிறார். இடது காரை எலும்புக்குக் கீழே, பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் தோல் மெலிந்து கருஞ்சிவப்பாகி, ஊசி நுழையும் அளவு துளையிலிருந்து நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. களிம்பு போட்டுக் கட்டினால் ஆறிவிடும் என்ற நினைப்பிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. பெட்டியையும் ஒயரையும் முழுதாக எடுத்தாக வேண்டும் என்று நான் சொன்னதும் மகள் கேட்டார்: "அப்பாவுக்கு ஒருமுறை நெஞ்சைப் பிளந்தாகிவிட்டது, டாக்டர். இன்னொரு முறை தாங்குவாரா?"

இதே கேள்வியைப் பல குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. பெரும்பாலானோருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதே இல்லை. ஒயர் உள்ளே போன சிரை வழியாகவே அதை வெளியே கொண்டுவந்துவிடலாம். ஆனால் நூற்றில் ஓரிருவருக்கு நடுவில் கடும் சிக்கல் வரும். இரத்தக் குழாய் கிழிந்துவிட்டால் சில நிமிடங்களில் நெஞ்சைத் திறக்க வேண்டும். ஏற்கெனவே அறுவை நடந்த நெஞ்சு சில நிமிடங்களில் திறக்காது. ஆகவே, மற்றவர்களுக்கு அறுவை மேசையில் எடுக்கக்கூடிய முடிவுகளை இவர்களுக்கு முந்தைய நாளே எடுத்து வைத்திருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

ஒயர் ஏன் இழுத்தால் வருவதில்லை

நோயாளிகள் ஒயர் என்றும் மருத்துவர்கள் லீட் என்றும் சொல்வது ஒரே பொருளைத்தான்: சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் உறைக்குள் ஓடும் மெல்லிய உலோகச் சுருள். அது காரை எலும்புக்கு அடியில் சிரைக்குள் நுழைந்து, மேற்பெருஞ்சிரை வழியே இறங்கி, இதயத்தின் வலது மேலறைக்குப் போகிறது. இன்னொரு லீட் மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறையின் சுவரில் ஊன்றி நிற்கும். பொருத்திய முதல் சில வாரங்களில் அதன்மேல் இரத்தம் மெல்லியதாக உறைந்து படியும். மாதங்கள் போகப் போக அந்தப் படிவு நார்த் திசுவாக மாறிச் சிரையின் சுவரோடு ஒயரை ஒட்டிவிடும். ஆண்டுகள் பல ஆனால் அதில் சுண்ணாம்பும் ஏறும்.

பழைய மதில் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிறிய கன்று என்றால் கையோடு வரும். வேர் செங்கல்களுக்கு நடுவே ஓடிவிட்டால், இழுக்கும்போது கன்று வருவதற்கு முன் சுவர்தான் பெயரும். இங்கே அந்தச் சுவர் என்பது மேற்பெருஞ்சிரை. அதன் பக்கவாட்டுச் சுவர் மிக மெல்லியது.

அதனால்தான் பொருத்தி ஓராண்டுக்கு மேலான லீடை எடுப்பதையும், எவ்வளவு புதிய லீடானாலும் தனிக் கருவிகள் தேவைப்பட்டால் அதையும் தனி வகைச் சிகிச்சையாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி 2017இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும் இந்த வரையறையையே வைத்திருக்கிறது. அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் ஐ.சி.டி. கருவியின் லீட் இன்னும் கடினம். அதில் உள்ள உலோகச் சுருளின் இடுக்குகளுக்குள் திசு வளர்ந்து புகுந்துவிடும். மேற்பெருஞ்சிரையில் ஒன்று, கீழறையில் ஒன்று என்று இரண்டு சுருள் உள்ள பழைய வகை லீடுகள் எங்களுக்கு அதிகக் கவலை தருபவை.

பழைய அறுவை எதை மாற்றுகிறது

இதயத்தைச் சுற்றி இதயவுறை என்ற பை இருக்கிறது. பைபாஸுக்கோ வால்வு மாற்றவோ நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறக்கும்போது அந்தப் பையையும் திறக்கிறார்கள். ஆறும்போது இதயம், பை, நெஞ்செலும்பின் உட்புறம் எல்லாம் தழும்புத் திசுவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒட்டுதலுக்கு இரண்டு முகம் உண்டு.

முதல் முகம் நல்லது. அறுவையே நடக்காதவருக்கு லீட் எடுக்கும்போது இதயத்திலோ, பைக்குள் இருக்கும் சிரைப் பகுதியிலோ கிழிசல் ஏற்பட்டால், இரத்தம் பைக்குள் தேங்கி இதயத்தை நெரிக்கும். நிமிடங்களில் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஒட்டிப்போன இதயத்தில் இரத்தம் தேங்க இடமே இருக்காது. சிறு கிழிசலைச் சுற்றியுள்ள தழும்பே அடைத்துவிடுவதும் உண்டு. பழைய இதய அறுவை என்பது லீட் எடுப்பதற்குத் தடை இல்லை என்று நாங்கள் துணிந்து சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாம் முகம்தான் எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது. கிழிசல் பெரிதாக இருந்தால் இரத்தம் வேறு வழி தேடும்; பெரும்பாலும் வலது நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்துக்குள் பாயும். அங்கே லிட்டர் கணக்கில் இரத்தம் தேங்க முடியும். இதயத்தைச் சுற்றி நீர் தெரிகிறதா என்று மட்டும் எக்கோவில் பார்த்துக்கொண்டிருப்பவர் இதைத் தவறவிடுவார். நெஞ்சைத் திறக்கலாம் என்று போனால், நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் வலது கீழறையோ, பைபாஸ் செய்த குழாயோ ஒட்டியிருக்கலாம். முதல் முறை திறக்கும் நெஞ்சை அனுபவமுள்ள அறுவை நிபுணர் அவசரத்தில் ஓரிரு நிமிடங்களில் திறந்துவிடுவார். இரண்டாம் முறை என்றால் எலும்பைக் கட்டிய எஃகுக் கம்பிகளை முதலில் வெட்ட வேண்டும். பிறகு அதிர்ந்து அறுக்கும் தனி வாளால் எலும்பை மெல்ல மெல்ல அறுத்து, அடியில் ஒட்டியதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்த சிரையைத் தைக்கப் போய் இதயத்தையே கிழித்துவிட நேரும்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் வெளியான லெக்ஸிகான் ஆய்வில் 13 மையங்களில் லேசர் கொண்டு 1,449 பேருக்கு லீட் எடுத்தார்கள், 96.5 சதவீத லீடுகள் முழுதாக வந்தன. கடும் சிக்கல் 1.4 சதவீதம். சிகிச்சையினாலேயே நேர்ந்த இறப்பு 0.28 சதவீதம். 2017இல் வெளியான ஐரோப்பிய எலெக்ட்ரா பதிவேட்டில் 3,555 நோயாளிகள்; சிகிச்சை தொடர்பான கடும் சிக்கல் 1.7 சதவீதம், இறப்பு 0.5 சதவீதம். இவை அனுபவமுள்ள மையங்களில், எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்து எடுத்த கணக்கு. உங்கள் அப்பாவுக்கு இது எவ்வளவு என்பதை லீடின் வயது, எண்ணிக்கை, வகை, உடல் எடை, சிறுநீரகம், இதயத்தின் பம்பு வலு ஆகியவை நிர்ணயிக்கின்றன. மெலிந்த உடலும் பெண் பாலினமும் ஆபத்தைச் சற்றுக் கூட்டுவதாகப் பல தொகுப்புகளில் தெரிகிறது.

முதல் படி: எடுத்தே ஆக வேண்டுமா?

கிருமித் தொற்று என்றால் விவாதத்துக்கு இடம் குறைவு. பெட்டி வைத்த பையில் தொற்று ஏற்பட்டாலும், இரத்தத்தில் கிருமி வந்தாலும், லீடிலோ வால்விலோ கிருமிக் கட்டி தெரிந்தாலும், பெட்டி, லீடுகள் எல்லாவற்றையும் முழுதாக எடுப்பதே வழி. தோலைப் பிளந்து பெட்டியின் ஓரம் வெளியே எட்டிப் பார்த்தால் அதுவும் தொற்றுதான். காய்ச்சல் இல்லை என்பது சமாதானம் ஆகாது. இந்தக் கிருமிகளில் பெரும்பங்கு ஸ்டஃபைலோகாக்கஸ் வகை. அவை உலோகத்தின் மேலும் சிலிக்கோன் மேலும் வழுவழுப்பான படலமாகப் படிந்துகொள்ளும். ஆன்டிபயாட்டிக் இரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் அந்தப் படலத்துக்குள் இருப்பதை அழிப்பதில்லை. மருந்து நிறுத்திய சில வாரங்களில் தொற்று திரும்பும்.

இங்கே மூன்று தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். வீங்கிய பையில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்ப்பது: உள்ளே இல்லாத கிருமியையும் அது கொண்டுபோய் விடும். பையைத் திறந்து கழுவி, பெட்டியை மட்டும் மாற்றி, லீடை உள்ளேயே விட்டுத் தைப்பது. மூன்றாவது, இரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் தொடங்குவது. நோயாளி இரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் இல்லை என்றால், குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, இரத்தம் எடுத்த பிறகே முதல் ஊசி போட வேண்டும். கிருமியின் பெயர் தெரியாமல் ஆறு வாரம் மருந்து கொடுப்பது நோயாளிக்கும் எங்களுக்கும் பெரும் துன்பம்.

தாமதமும் ஒரு தவறுதான். அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் உள்ள முதியோரை வைத்து 2022இல் வந்த பெரிய ஆய்வில், கருவித் தொற்று உறுதியானவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே 30 நாள்களுக்குள் லீட் எடுக்கப்பட்டிருந்தது. விரைவில் எடுத்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். பழைய அறுவை இருக்கிறது என்ற பயத்தினால் மாதக்கணக்கில் மாத்திரையில் ஓட்டுவது பாதுகாப்பான வழியாகத் தோன்றும். அப்படித் தோன்றுவது மட்டும்தான்.

தொற்று இல்லாத காரணங்கள் வேறு: லீட் முறிந்துவிட்டது, சிரை அடைத்துப் புது லீடுக்கு வழி இல்லை, மேற்பெருஞ்சிரை அடைப்பால் முகமும் கையும் வீங்குகின்றன, அல்லது தயாரிப்பில் குறை கண்ட மாதிரி. 2007இல் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ், 2011இல் ரியாட்டா என்ற ஐ.சி.டி. லீடுகளுக்கு உலகம் முழுதும் எச்சரிக்கை வந்தது. இவற்றில் பழைய லீடை அப்படியே மூடிவைத்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பதா, எடுப்பதா என்பது உண்மையான தேர்வு. எண்பது வயதில், இரண்டு முறை நெஞ்சறுவை நடந்தவருக்கு, தொற்று இல்லாத பழைய லீடை விட்டுவிடச் சொல்வேன். நாற்பது வயதுக்காரருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் பல பெட்டிகள் மாற்ற வேண்டியவர். இன்று பன்னிரண்டு வயதான லீடைப் பின்னாளில் எடுக்க நேர்ந்தால், அதற்கு முப்பது வயதாகியிருக்கும்.

இரண்டாம் படி: பழைய அறுவைக் குறிப்பைத் தேடுங்கள்

குடும்பத்தினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். பீரோவின் அடியில், பழைய எக்ஸ்ரே உறைக்குள், டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். ஆனால் சம்மரி மட்டும் போதாது. அறுவை நிபுணர் தன் கைப்பட எழுதிய அறுவைக் குறிப்பு வேண்டும். அது வீட்டில் இருக்காது. அறுவை செய்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஏடுகளைத் தேடித் தர அவர்களுக்கு நாளாகலாம். அதனால் லீட் எடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்த அன்றே விண்ணப்பம் கொடுங்கள்.

அந்தக் குறிப்பில் நாங்கள் தேடுவது என்ன? பைபாஸ் என்றால், நெஞ்செலும்பின் பின்புறம் ஓடும் இடது மார்புத் தமனியை இதயத்தோடு இணைத்தார்களா? அப்படியானால் மறுபடி திறக்கும்போது அந்தத் தமனி கத்தியின் பாதையில் இருக்கக்கூடும். அது அறுபட்டால் இதயத்தின் முன் சுவருக்குப் போகும் இரத்தமே நின்றுவிடும். இதயவுறையைத் திரும்ப மூடினார்களா, திறந்தே விட்டார்களா? எத்தனை முறை நெஞ்சு திறக்கப்பட்டிருக்கிறது? அறுவையின்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு, தொடையில் எந்தப் பக்கத்துக் குழாயைப் பயன்படுத்தினார்கள்?

வால்வு என்றால் கேள்விகள் மாறுகின்றன. உலோக வால்வா, திசு வால்வா என்பது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிர்ணயிக்கும். இன்னொன்றை நான் எப்போதும் தனியாகக் கேட்பேன்: மூவிதழ் வால்வில் என்ன செய்தார்கள்? வாதக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு கெட்டு அறுவை செய்தவர்கள் பலருக்கு மூவிதழ் வால்விலும் வளையம் தைத்திருப்பார்கள். அப்போதே பேஸ்மேக்கர் லீட் உள்ளே இருந்திருந்தால், வளையத்துக்கும் இதயச் சுவருக்கும் நடுவே லீடை வைத்துத் தைத்திருக்கலாம். அப்படிச் சிறைப்பட்ட லீடைச் சிரை வழியாக இழுத்தால் வளையமே பிய்ந்து வரும். இந்த ஒரு வரி குறிப்பில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து முழுத் திட்டமும் மாறும். ஒரு நோயாளியின் தம்பி, இருபது ஆண்டுக்கு முந்தைய குறிப்பின் மங்கிய நகலைக் கொண்டுவந்து கொடுத்தபோது அந்த வரி அதில் இருந்தது. நாங்கள் சிரை வழிச் சிகிச்சையைக் கைவிட்டு, அறுவை நிபுணரிடம் நேரடியாக ஒப்படைத்தோம். அந்தத் தாள் கிடைக்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

பிறவி இதயக் குறைக்கு அறுவை செய்தவர்கள் தனிக் கூட்டம். அவர்களுடைய இரத்த ஓட்டப் பாதையே மாற்றி அமைக்கப்பட்டிருக்கும். மேலறைகளை மாற்றிப் பாய்ச்சும் மஸ்டர்ட், சென்னிங் அறுவை நடந்தவரின் லீட், தைத்து உண்டாக்கிய சுரங்கத்தின் வழியே போயிருக்கும். அந்தச் சுரங்கம் சுருங்கியும் இருக்கலாம். இவர்களைப் பிறவி இதய நோய் நிபுணர் இருக்கும் மையத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். இதய மாற்று செய்தவர்களிடமும் கவனம் தேவை: பழைய இதயத்தோடு போன லீடின் மேல் துண்டு சிரைக்குள் தங்கியிருப்பது உண்டு.

அறுவையின்போது இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்த லீடுகளும் இருக்கலாம். அவை சிரைக்குள் இல்லாததால் இந்த முறையில் வராது. அவற்றில் தொற்று என்றால் அது முழுக்க அறுவை நிபுணரின் வேலை. அறுவை முடிந்த சில நாள்களுக்குத் தற்காலிகமாக வைக்கும் மெல்லிய கம்பிகள் இழுத்து வராமல் போனால் தோலோடு வெட்டி விட்டுவிடுவது வழக்கம். எக்ஸ்ரேயில் அவை தெரிந்தால் பதற வேண்டாம். ஆனால் அவை என்ன என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் அட்டையையும் கூடவே கொண்டுவாருங்கள். லீடின் மாதிரி எண், பொருத்திய தேதி, முனை திருகு வகையா கொக்கி வகையா என்பதெல்லாம் அதைக் கொண்டு தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: பரிசோதனைகள்

இவர்களுக்கு நான் விட்டுக்கொடுக்காத பரிசோதனை நெஞ்சு சி.டி. ஸ்கேன், முடிந்தால் சிரைகளும் தமனிகளும் தெரியும்படி சாயம் செலுத்தி. நெஞ்செலும்பின் பின்புறத்துக்கும் இதயத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, பைபாஸ் குழாய்கள் எந்த வழியே கடக்கின்றன என்பது அதில் தெரியும். லீட் சிரைச் சுவரோடு எங்கே ஒட்டியிருக்கிறது, சுண்ணாம்பு எங்கே ஏறியிருக்கிறது, முனை இதயச் சுவரைத் துளைத்து வெளியே வந்திருக்கிறதா என்பதும் தெரியும். சிறுநீரகம் பலவீனமானவருக்குச் சாயம் ஒரு பிரச்சினைதான். அதற்காகச் சாயமில்லாத ஸ்கேனையும் விட்டுவிடக் கூடாது. எலும்புக்கும் இதயத்துக்கும் உள்ள இடைவெளி அதிலும் ஓரளவு தெரியும்.

உணவுக்குழாய் வழி எக்கோவில் லீடிலும் வால்வுகளிலும் கிருமிக் கட்டி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு பெரிது என்று பார்ப்போம். கட்டி 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சிரை வழியாக இழுக்கும்போது அது நுரையீரல் தமனியில் போய் அடைக்கலாம். அப்போது திறந்த அறுவையா, கட்டியை முதலில் உறிஞ்சி எடுக்கும் கருவியா என்று தனியாக யோசிக்க வேண்டும். இரண்டாம் முறை நெஞ்சைத் திறப்பது கடினம் என்பதால், இந்த நோயாளிகளில் உறிஞ்சும் முறையின் பக்கம் தராசு சற்றுச் சாய்கிறது. செயற்கை வால்வு உள்ளவரின் எக்கோவில் நிழல் விழுந்து மறைக்கும், அங்கே தொற்று உள்ள இடத்தை ஒளிர்த்துக் காட்டும் பெட்-சி.டி. ஸ்கேன் உதவுகிறது.

பேஸ்மேக்கரைக் கணினியால் சோதித்து, அது இல்லாமல் இதயம் தானாகத் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துடிப்பே இல்லாதவருக்கு ஒயரை எடுப்பதற்கு முன் தற்காலிக வழி செய்தாக வேண்டும்.

நான்காம் படி: எங்கே செய்வது?

எல்லா இதய மருத்துவமனைகளிலும் இதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு லீட் எடுக்கிறீர்கள்? ஏற்கெனவே நெஞ்சறுவை நடந்தவர்களுக்குச் செய்திருக்கிறீர்களா? அன்று இதய அறுவை நிபுணர் எங்கே இருப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "கூப்பிட்டால் வருவார்" என்ற பதில் போதாது. கிழிசல் ஏற்பட்டால் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் கத்தி வைக்கும் நிலையில் அவர் இருக்க வேண்டும் என்பதே உலக வழக்கம். மறு அறுவை என்றால் அவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும், சி.டி. படங்களைத் தன் கண்ணால் முந்தைய நாளே பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டும் அங்கே இருக்க வேண்டும். செலவில் தனிக் கருவிகளின் பங்கு கணிசமானது. காப்பீட்டுத் திட்டம் கருவிகளையும் ஏற்குமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: முந்தைய நாள்கள்

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. உலோக வால்வு உள்ளவருக்கு மருந்து நின்றால் வால்வில் இரத்தம் உறையும்; மருந்து முழு வீச்சில் ஓடினால் சிறு கிழிசலும் பெருங்கசிவாகும். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை எங்கே கொண்டுவருவது, நடுவில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவையா என்பதை வால்வின் இடத்தையும் வகையையும் பார்த்துக் குழு முடிவு செய்யும். ஸ்டென்ட் வைத்தவர்களின் மாத்திரைகளுக்கும் இதே விதி.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். நெஞ்சைத் திறக்கும் வாய்ப்பு உண்டா, திறந்தால் எப்படி, திறக்கவே வேண்டாம் என்று நோயாளி நினைக்கிறாரா என்பது அதில் வர வேண்டும். வயதான சிலர், "கிழிந்தால் பலூன் வைத்துப் பாருங்கள், நெஞ்சைத் திறக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்கிறார்கள் (கிழிசலை உள்ளிருந்து அடைக்கும் இந்தப் பலூனைப் பற்றி அடுத்த படியில் வருகிறது). அதைக் குறிப்பில் எழுதி, அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியப்படுத்துவது எங்கள் கடமை. பெற்றோருக்குப் பதிலாகப் பிள்ளைகள் முடிவெடுப்பது நம் வழக்கமாக இருக்கலாம். இந்த ஒரு பேச்சில் நோயாளியே முதலில் பேசட்டும்.

ஆறாம் படி: அறுவை அரங்கில்

முழு மயக்கம் கொடுப்பார்கள். கைத் தமனியில் மெல்லிய குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். உணவுக்குழாய் எக்கோ தொடர்ந்து ஓடும். தாடையிலிருந்து தொடை வரை சுத்தம் செய்து தயாராக வைப்பார்கள். அதிர்ச்சிக்கான ஒட்டுத் தகடுகள் நெஞ்செலும்பின் கோட்டை மறைக்காமல் ஒட்டப்படும். பொருத்தம் பார்த்த இரத்தம் இரத்த வங்கியில் அல்லாமல் அறையிலேயே தயாராக இருக்கும்.

பழைய அறுவை உள்ளவருக்குக் கூடுதலாகச் செய்வது இது: தொடைத் தமனியிலும் தொடைச் சிரையிலும் மெல்லிய வழிக்கம்பிகளை முன்பே வைத்துவிடுவோம். அவசரம் வந்தால் நெஞ்சைத் தொடுவதற்கு முன்பே தொடை வழியாக இதய-நுரையீரல் இயந்திரத்தில் நோயாளியை இணைத்துவிடலாம். இயந்திரம் ஓடத் தொடங்கினால் அறுவை நிபுணருக்கு எலும்பை நிதானமாக அறுக்க நேரம் கிடைக்கும். அதோடு, தொடைச் சிரை வழியாக மேற்பெருஞ்சிரைக்கு ஒரு கம்பியை ஏற்றி, அடைக்கும் பலூனைத் தயாராக வைப்போம். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தப் பலூன் 80 மில்லிமீட்டர் நீளம், மிக மென்மையானது. சிரை கிழிந்த கணத்தில் அதை ஊதினால் உள்ளிருந்தே கிழிசலை மூடி, இரத்தக் கசிவைப் பெருமளவு குறைக்கும். முதல் முறை திறக்கும் நெஞ்சில் அது சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். மறு அறுவையிலோ, அறுவை நிபுணர் ஒட்டுதல்களைப் பிரித்து முடிக்கும் வரை நோயாளியை உயிரோடு வைத்திருப்பதே அதுதான்.

பேஸ்மேக்கரையே நம்பி இருப்பவருக்குக் கழுத்துச் சிரை வழியாகத் திருகு முனை கொண்ட லீடை வைத்து, தோலுக்கு வெளியே ஒரு பெட்டியோடு இணைப்போம். நாள்கணக்கில் அது பாதுகாப்பாகத் தாங்கும். நோயாளி எழுந்து நடக்கவும் முடியும்.

ஏழாம் படி: ஒயர் வெளியே வருவது

பழைய தையல் வழியே பையைத் திறந்து, பெட்டியை எடுத்து, லீடைச் சுற்றியுள்ள தழும்பை விடுவிக்கிறோம். திருகு முனையானால் திருகை உள்ளிழுக்கிறோம். லீடை வெட்டி, அதன் நடுத் துளை வழியாகப் பூட்டிக்கொள்ளும் உள்கம்பியைச் செலுத்துகிறோம். அது முனை வரை போய் உள்ளிருந்து பற்றிக்கொள்வதால், இழுக்கும் விசை ஒயரின் நுனி வரை சேரும். நடுவில் அறுந்து போகாது. தொங்கும் உறையையும் நூலால் கட்டுகிறோம். பிறகு மெதுவாக, ஒரே சீராக இழுத்துப் பார்க்கிறோம். சிலருக்கு இதிலேயே வந்துவிடும்.

வராவிட்டால் லீடின் மேல் ஓர் உறைக்குழாயை ஏற்றுகிறோம். குழாயின் முனையில் லேசர் இருக்கும், அல்லது சுழன்று வெட்டும் சிறு பற்கள் இருக்கும். ஒயர் தண்டவாளம், குழாய் அதன்மேல் ஓடும் வண்டி. தண்டவாளம் தளர்ந்தால் வண்டி சுவரில் மோதும். அதனால்தான் ஒரு கை ஒயரை இறுக்கி வைத்திருக்க, மறு கை குழாயை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறது. காரை எலும்பின் அடி, சிரைகள் சேர்ந்து மேற்பெருஞ்சிரையாகும் வளைவு, மேற்பெருஞ்சிரை மேலறையில் சேரும் இடம் ஆகிய மூன்றும் ஆபத்தான திருப்பங்கள். முனையை அடைந்ததும், குழாயை இதயச் சுவரில் முட்டுக் கொடுத்து ஒயரை இழுப்போம். சுவர் உள்ளே இழுபடாமல் ஒயர் மட்டும் பெயர்ந்து வரும். மேலிருந்து முடியாதபோது தொடைச் சிரை வழியாகக் கண்ணி போட்டுப் பிடித்து எடுப்பதும் உண்டு.

சில நேரம் முனையின் சிறு துண்டு தங்கிவிடும். தொற்று இல்லாதவருக்கு நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவான துண்டு தங்கினாலும் சிகிச்சை வெற்றி என்றே கணக்கு. அதைத் துரத்திப் போய் இதயத்தைக் கிழிக்காமல் நிறுத்தத் தெரிந்திருப்பது அனுபவத்தின் அடையாளம்.

அழுத்தம் விழுந்தால்

மற்றவர்களுக்கு எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர் தெரியும். இவர்களுக்குத் தெரியாமலே அழுத்தம் சரியும். அந்தக் கணத்தில் வலது நுரையீரல் பக்கம் எக்கோவைத் திருப்ப வேண்டும், எக்ஸ்ரே திரையில் வலது நெஞ்சு மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பலூனை ஊத வேண்டும், இரத்தம் ஏற்ற வேண்டும், தொடை வழியாக இயந்திரத்தை இணைக்க வேண்டும். யார் எதைச் செய்வது என்பதைக் காலையிலேயே பெயர் சொல்லிப் பிரித்திருப்போம். நெஞ்செலும்பு வழியா, வலது விலா இடுக்கு வழியா என்பதை அறுவை நிபுணர் சி.டி. படத்தைப் பார்த்தபோதே தீர்மானித்திருப்பார்.

எட்டாம் படி: பிறகு

பெரும்பாலானவர்கள் மறுநாளே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். வால்வு உறுதியாக இருக்கிறதா, நீர் தேங்குகிறதா என்று எக்கோ பார்ப்போம். மூவிதழ் வால்வின் இதழ் கிழிந்து கசிவு கூடுவது உண்டு. அதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

பையில் மட்டும் தொற்று இருந்தால் எடுத்த பிறகு 10 முதல் 14 நாள்கள் ஆன்டிபயாட்டிக். இரத்தத்தில் கிருமி இருந்தால் குறைந்தது இரண்டு வாரம். வால்வில் கிருமி படிந்திருந்தால், செயற்கை வால்வு உள்ளவருக்கு அதன் பயம் எப்போதும் உண்டு, நான்கு முதல் ஆறு வாரம். ஊசி முடியும் வரை மருத்துவமனைத் தொடர்பை விடாதீர்கள்.

புதுக் கருவி வைப்பதற்கு முன் இன்னமும் தேவையா என்று கேளுங்கள். அறுவை நடந்த நாள்களில் துடிப்பு குறைந்து பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சிலருக்கு இதயம் பின்னர் தானாகவே மீண்டிருக்கும். தேவை என்றால் எதிர்ப்பக்கத்தில், லீடை எடுத்த பிறகு செய்த இரத்தக் கல்ச்சர் குறைந்தது 72 மணி நேரம் கிருமி இல்லாமல் இருந்தால் வைக்கலாம். ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் இவர்களுக்கு நல்ல வழி, ஆனால் மூவிதழ் வால்வு உலோகமாக இருந்தால் அந்த வழி மூடியிருக்கும். ஐ.சி.டி. தேவைப்படுபவருக்குத் தோலுக்கடியில் ஓடும் லீட் கொண்ட வகை உண்டு. அதில் சிரையைத் தொடவே வேண்டாம்.

வீட்டுக்குப் போன பின் காய்ச்சல், நடுக்கம், காயத்தில் நீர், மூச்சுத் திணறல், கை வீக்கம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே வாருங்கள். காய்ச்சலுக்கு அருகில் உள்ள கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். இரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து.

வீடு திரும்பும் நாளில் சம்மரியோடு லீட் எடுத்த குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த லீட் முழுதாக வந்தது, எந்தத் துண்டு எங்கே தங்கியிருக்கிறது, பலூன் பயன்பட்டதா, தொடையின் எந்தப் பக்கம் குழாய் வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க வந்தாலும், இன்னொரு கருவி வைக்க வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பைபாஸ் குறிப்பு வைத்த அதே உறையில் போட்டு, வீட்டில் இரண்டு பேருக்காவது அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.